ஓடைக்கரைப் புல்லின் பெயர்

வாலிகண்டபுரம் அஞ்சல்
14.9.2024

ஜோதிக்கு,

உன் அண்ணி உண்ணாமலை எழுதுகிறேன். நாலு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

உன் அண்ணனை வியாழக்கிழமை போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மேற்கே ஓடைக்கு அந்தப் பக்கம் காடு வைத்திருக்கிற முத்தமிழ்செல்வனை உனக்குத் தெரியும். திங்கட்கிழமை பகலில் அவருடைய ஐந்து கறவை மாடுகள் ஓடைக்கரையில் விழுந்து செத்தன. அரைமணி நேரத்துக்குள் ஐந்தும். வாயில் நுரை தள்ளி, மூச்சை இழுத்து இழுத்து விட்டு, கால்களை உதைத்துக்கொண்டு போய்விட்டன. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சனிக்கிழமைதான் அந்த மாடுகள் நம் பருத்திக்குள் இறங்கி இரண்டு பாத்தி கன்றைக் கடித்துப் போட்டிருந்தன. உன் அண்ணன் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "இன்னொரு தடவ உள்ள வந்தா உசுரோட வூடு திரும்பாது" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்ன சொல். நம் கொட்டகையில் போன வருஷத்துப் பூச்சிமருந்துக் குப்பி ஒன்று காலியாகக் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். புல்லில் மருந்து தெளித்து மாட்டைக் கொன்றான் என்று கேஸ்.

அவர் தெளிக்கவில்லை. அவர் அன்று பெரம்பலூருக்கு உரம் வாங்கப் போயிருந்தார். முதல்நாளே தெளித்திருப்பான் என்கிறார்கள்.

மாடுகளை அறுத்துப் பார்த்த டாக்டரம்மா, பெயர் கவியா, சின்ன வயது. அவர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்து குடித்த மாட்டின் ரத்தம் மாதிரி இல்லை, பளிச்சென்று சிவப்பாக இருக்கிறது, அந்தக் கரையில் என்ன புல் இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். புல்லைப் படித்தவர்கள் யாராவது பெயர் சொன்னால் எழுதலாம் என்றார். எனக்குத் தெரிந்து புல்லைப் படித்தவள் நீ ஒருத்திதான்.

போனை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உன் நம்பர் அதில்தான் இருந்தது. நீ அத்தைக்கு எப்போதோ அனுப்பிய கவரில் இருந்த விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். அந்தப் புல்லைக் கொஞ்சம் கிள்ளி உள்ளே வைத்திருக்கிறேன். தானாக முளைத்த புல்தான்.

பயமாக இருக்கிறது ஜோதி. இரண்டு தெருவும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கிறது.

உண்ணாமலை


கோயம்புத்தூர்
19.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. கடிதத்தை மூன்று முறை படித்தேன். அண்ணன் என்ன சாப்பிடுகிறான், எங்கே படுக்கிறான் என்று எழுதவில்லையே. அதை முதலில் எழுதுங்கள்.

நீங்கள் அனுப்பிய புல் கவருக்குள் நொறுங்கித் தூளாக வந்தது. இலையின் நடுநரம்பு வெள்ளையாக, அகலமாக இருப்பது மட்டும் தெரிகிறது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகத்தை எழுதமாட்டேன். எங்கள் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி, பெயர் எழுதிப் பாதுகாக்கிற கூடத்தில், சந்தேகத்துக்குப் பெயர்ச்சீட்டு கிடையாது.

ஒரு முழுத் தூரை வேரோடு தோண்டுங்கள். வேரில் ஈர மண் இருக்கட்டும். ஈரக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தோண்டும்போது வெறும் வேர் மட்டும் வருகிறதா, மண்ணுக்குள் கிழங்குபோல் தண்டு படுத்து ஓடுகிறதா என்று பாருங்கள். அந்தப் புல் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறது? யாராவது விதைத்தார்களா? நம் ஆடுகள் அதைத் தின்றதுண்டா? மூன்றுக்கும் பதில் வேண்டும்.

நான் நேரில் வரமாட்டேன். வந்தால் தங்கச்சி வந்து அண்ணனுக்காக ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனாள் என்பார்கள். நான் தூரத்தில் இருப்பதுதான் அவனுக்கு நல்லது.

ஜோதி


வாலிகண்டபுரம் அஞ்சல்
23.9.2024

ஜோதிக்கு,

நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு இவ்வளவு காரணம் எழுதியிருக்க வேண்டாம்.

உன் அண்ணனை வெள்ளிக்கிழமை பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். சோறு போடுகிறார்களாம். பல் வலிக்கிறதாம். "பருத்திக்கு மறு களை எடுத்தாச்சா" என்றுதான் முதலில் கேட்டார். ஜாமீன் கேட்டு வக்கீல் மனு போட்டார். ஊரில் கலவரம் வரும் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

நீ சொன்னபடி தூர் தோண்டினேன். மண்ணுக்குள் வெள்ளையாக ஒரு தண்டு படுத்து ஓடுகிறது. ஒரு சாண் இருக்கும், கணுவுக்குக் கணு முளை. எடுத்து ஈரக் காகிதத்தில் வைத்திருக்கிறேன்.

பால் எடுக்கிற இடத்தில் என் கேனை இரண்டு நாளாகத் தள்ளி வைத்துவிட்டு, கடைசியில், "நாளைக்கிப் பாக்கலாம்" என்கிறார்கள். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. நேற்று மத்தியானம் நான் வயலில் இருந்தபோது முத்தமிழ்செல்வன் ஆட்கள் நாலு பேர் வரப்பில் வந்து நின்றார்கள். எதுவும் பேசவில்லை. கால்மணி நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. களைக்கொத்தைக் கீழே வைக்கவும் பயம், கையில் பிடித்திருக்கவும் பயம்.

நீ கேட்ட கேள்விகளுக்குப் பதில். புல் போன வருஷத்திலிருந்து இருக்கிறது. விதைத்தவர்கள் யாரும் கிடையாது. ஆடு போன வருஷம் தின்றது, ஒன்றும் ஆகவில்லை.

உண்ணாமலை


கோயம்புத்தூர்
28.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

தூர் உயிரோடு வந்து சேர்ந்தது. வந்த அன்றே இளந்தளிரை நசுக்கி ஒரு சிறு குப்பியில் போட்டு, மருந்தில் நனைத்த மஞ்சள் காகிதத் துண்டை உள்ளே தொங்கவிட்டு மூடினேன். விஷம் இருந்தால் அந்தக் காகிதம் நிறம் மாறும். கை கழுவிவிட்டு வருவதற்குள் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. பத்து நிமிஷத்தில் செங்கல் நிறம். இவ்வளவு வேகமாக நான் பார்த்ததே இல்லை. குப்பியை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வெளியே போய் நின்றேன்.

மாடுகளைக் கொன்றது இந்தப் புல். அண்ணன் இல்லை.

இது சோளப் பேரினம். சோர்கம் என்று புத்தகப் பெயர். பேரினம் என்பது ஒரு குலம் மாதிரி. நாம் கூழ் காய்ச்சுகிற சோளமும் அதே குலம்தான். சோளப்பயிரை இளசில் மாடு கடித்தால் ஆபத்து என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இது கதிர் இல்லாமல் வெறும் புல்லாக நிற்பதால் யாருக்கும் அந்த நினைப்பு வரவில்லை. வறட்சியில் காய்ந்து, ஒரு மழைக்குப் பிறகு துளிர்க்கிறபோதுதான் இதில் விஷம் அதிகம். வளர்ந்த பிறகு குறைந்துவிடும். அதனால்தான் போன வருஷம் ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனிமேல்தான் சிக்கல். என் காகிதம் சிவந்தது என்பதை நான் எழுதினால் செல்லாது. டாக்டர் கவியாவிடம் ஆபீஸ் போனில் பேசினேன். புல்லின் முழுப் பெயர், எங்கள் துறைத் தலைவர் கையெழுத்தோடு வந்தால் மாட்டின் வயிற்றில் கிடைத்த இலையோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுவதாகச் சொன்னார். எங்கள் சார் தூரைப் பார்த்தார். "குலம் தெரியுது, ஆள் யாருன்னு தெரியல. கதிர் இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றுவிட்டார். நான் கெஞ்சினேன். அவர் சொல்வது சரி என்பதும் எனக்குத் தெரியும்.

இந்தக் குலத்தில் இரண்டு ஆட்களில் ஒன்றுதான் இது. ஒன்று சோர்கம் ஹலபென்ஸ், தானாகப் பரவுகிற காட்டுப்புல். இன்னொன்று சோர்கம் ஆல்மம், தீவனத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து விதைக்கிற புல். இரண்டுக்கும் மண்ணுக்குள் தண்டு உண்டு. முதலாவதுக்கு நீளமாக ஓடும், இரண்டாவதுக்குக் குட்டையாக இருக்கும். ஒரு சாண் என்றால் இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம். கதிர் முற்றி, மணி உதிரும்போதுதான் உறுதியாகத் தெரியும். காட்டுப்புல்லின் மணி வழுவழுப்பாகக் கழன்று விழும். தீவனப்புல்லின் மணி காம்பில் ஒரு துண்டை ஒடித்துக்கொண்டு விழும்.

கரையில் மாடு கடிக்காத பெரிய தூர்கள் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அவற்றைக் காப்பாற்றுங்கள். யாருடைய மாடும் ஆடும் அங்கே போகக் கூடாது.

அண்ணி, இன்னொரு தடவை கேட்கிறேன். அந்த ஓடையில் சின்ன வயதில் நான் எல்லாப் புல்லையும் பார்த்திருக்கிறேன். இது அங்கே இருந்ததில்லை. யார் விதைத்தது?

ஜோதி


5.10.2024

ஜோதி,

உனக்குப் போலீஸே தேவலை. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறாய். காற்றில் வரும், வெள்ளத்தில் வரும், குருவி போடும். எனக்கு எப்படித் தெரியும்?

புதன்கிழமை காலையில் ஜேசிபி வந்தது. ஓடையைச் சுத்தம் பண்ண முத்தமிழ்செல்வன் அனுப்பியதாம். மாடு செத்த இடம் கண்ணில் படக் கூடாது என்று அவர் மனைவி பொன்னம்மாள் அழுகிறாளாம். ஐந்தையும் கன்றிலிருந்து வளர்த்தவள் அவள்தான். வண்டிக்கு முன்னால் நான் போய் உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் வெளியூர்ப் பையன். "ஏங்க்கா, எந்திரிங்க, எனக்குப் பொழப்பு போயிரும்" என்றான். டாக்டரம்மா வந்து, கேஸ் முடிகிற வரை யாரும் இங்கே கைவைக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் திரும்பிப் போனது. புல்லைக் காப்பாற்ற ஏன் துடிக்கிறாள் என்று இப்போது ஊரே பேசுகிறது.

கரையின் வடக்கு மூலையில் மூன்று தூர் ஆள் உயரம் நிற்கிறது. இரண்டில் கதிர் எட்டிப் பார்க்கிறது. தினமும் போய்ப் பார்க்கிறேன். அந்தக் கதிர் வெளியே வராமலே போகக் கூடாதா என்று இருக்கிறது. ஏன் என்று கேட்காதே.

உண்ணாமலை


கோயம்புத்தூர்
9.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்கவில்லை.

கதிர்மேல் மெல்லிய துணியைத் தளர்வாகக் கட்டுங்கள். குருவி தின்றுவிடும், மணியும் உதிர்ந்து வீணாகும். மணி பழுப்பு நிறத்துக்கு வந்ததும் துணியோடு அறுத்து அனுப்புங்கள்.

ஜேசிபி முன்னால் உட்கார்ந்தீர்கள் என்று படித்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் எழுதிய காரணம் பாதிதான் உண்மை. தங்கச்சி சாட்சி செல்லாது என்பது உண்மை. ஆனால் செல்லும் என்றாலும் நான் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. எனக்கு ஊரைக் கண்டால் பயம். முத்தமிழ்செல்வன் ஆட்களைவிட உங்களைக் கண்டால் பயம். அம்மா செத்து இரண்டாம் நாள் நான் வந்து சேர்ந்தபோது, அத்தனை பேர் நடுவில், "புல்லு பொறுக்கப் போனவளுக்குப் பெத்தவ முகம் எதுக்கு" என்றீர்கள். கொல்லிமலையில் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அப்படியே பஸ் ஏறிவிட்டேன். நீங்கள் சொன்னதில் பொய் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

இதை இப்போது எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

ஜோதி


வாலிகண்டபுரம் அஞ்சல்
18.10.2024

ஜோதிக்கு,

இத்துடன் கதிர் வருகிறது. நீ சொன்னபடி துணியோடு அறுத்தேன். அறுப்பதற்கு முன் மண்ணெண்ணெய் டின்னும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டுதான் கரைக்குப் போனேன். மூன்று தூரையும் கொளுத்திவிட்டு, மாடு மிதித்துவிட்டது என்று உனக்கு எழுதலாம் என்று இருந்தேன். குச்சியை உரசினேன். உன் அண்ணன் பல்வலியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம் வந்தது. அணைத்துவிட்டேன்.

அந்தப் புல்லை விதைத்தது நான்.

ஜெயங்கொண்டத்துப் பக்கம் முந்திரிக்காட்டில் குடியிருக்கிற என் பெரியம்மா மகள் சிந்தாமணியை உனக்குத் தெரியும். போன வருஷம் பங்குனியில் அங்கே போனபோது, வறட்சிக்கும் தாங்கும் என்று ஒரு கைப்பிடி விதை கொடுத்தாள். ஓடைக்கரை புறம்போக்குதானே, ஆட்டுக்கு ஆகும் என்று தூவினேன். உன் அண்ணனுக்குத் தெரியாது. கொடுக்கும்போதே சொன்னாள், "முழங்காலுக்கு மேல வளந்த பொறவு வுடு, எளசுல வுட்டா ஆகாது" என்று. ஆகாது என்றால் கழியும், வயிறு உப்பும் என்று நினைத்தேன். சாகும் என்று அவளும் சொல்லவில்லை. நம் ஆடு மாட்டை மட்டும் இளசில் விடாமல் பார்த்துக்கொண்டேன்.

இது போதும் என்றால் இதோடு நிறுத்தியிருப்பேன். இன்னும் இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை பத்து மணி இருக்கும். பருத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாடும் கரையில் இறங்கின. மழைக்குத் துளிர்த்த புல், அரை முழம்கூட இல்லை. ஓட்டிவிட எழுந்தேன். முந்தாநாள் கடித்துப்போட்ட பருத்தி என் காலடியில் கிடந்தது. வயிறு கழியட்டும், அப்போதுதான் கட்டி வைப்பார்கள் என்று நினைத்தேன். நின்று பார்த்தேன். பிறகு உட்கார்ந்து களை எடுத்தேன். முதல் மாடு விழுந்த சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். ஓடினேன். அது என்னைப் பார்த்தது ஜோதி.

உன் அண்ணன் சொன்ன சொல்லுக்கு அவர் உள்ளே இருக்கிறார். நான் பார்த்துக்கொண்டு நின்றதற்கு வெளியே இருக்கிறேன்.

தானாக வளரும் காட்டுப்புல் என்று நீ எழுதினால் அவரும் வந்துவிடுவார், என்னையும் யாரும் கேட்கமாட்டார்கள். விதைக்கிற புல் என்று எழுதினால் யார் விதைத்தது என்று தேடுவார்கள். தெரிந்தே விட்டாள் என்பார்கள். ஐந்து மாட்டுக்கு ஐந்து வூட்டைக் கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெயர்தானே. மாற்றி எழுதிவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உண்ணாமலை


கோயம்புத்தூர்
24.10.2024

அண்ணி,

கதிர் வந்து சேர்ந்தது. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் துணியை அவிழ்த்தேன். மணிகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முப்பது மணி. இருபத்தெட்டில் ஒடிந்த காம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீவனப்புல். சந்தேகமே இல்லை.

சார் திங்கட்கிழமை வரை ஊரில் இல்லை. தாளில் கதிரை ஒட்டினேன். பெயர்ச்சீட்டில் காட்டுப்புல்லின் பெயரை எழுதினேன். பென்சிலால்தான். எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஒடிந்த காம்பு இல்லாத இரண்டு மணியை மட்டும் தாளின் உறையில் போட்டேன். மீதி இருபத்தெட்டும் என் கைப்பையில் இருக்கிறது. சாருக்கு வயதாகிவிட்டது. நான் காட்டுவதை நம்புவார். பன்னிரண்டு வருஷமாக நம்புகிறார்.

நீங்கள் கேட்டதற்காகச் செய்தேன் என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது. அது உண்மை இல்லை. விதைத்தவள் என்று உங்களைக் கூட்டிக்கொண்டு போனால் அண்ணன் தனியாக என்ன செய்வான் என்று நினைத்தேன். அப்புறம் நம் தெருவை நினைத்தேன். அத்தனை பேரும் பயந்து ஓடுவதை நான் கோயம்புத்தூரில் டிவியில் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. கை தானாக எழுதியது.

இதுவரை ஒரு புல்லுக்கும் நான் பொய்ப் பெயர் வைத்ததில்லை. இன்று முழுக்க அந்தக் கூடத்தில் யார் நடந்தாலும் எனக்குத் தூக்கிப்போடுகிறது.

இதைப் படித்ததும் எரித்துவிடுங்கள்.

ஜோதி


வாலிகண்டபுரம் அஞ்சல்
24.10.2024

ஜோதிக்கு,

நான் அனுப்பிய கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. உன் பதில் என்னவாக இருந்தாலும் இதைப் படித்துவிட்டுச் செய்.

நான்கு நாளாக நல்ல மழை. மாடு கடித்த இடமெல்லாம் மறுபடியும் பச்சை பிடித்துவிட்டது. இன்று காலை எட்டு மணிக்குக் கரைக்குப் போனேன். பொன்னம்மாள் அந்தப் பக்கமிருந்து ஏறி வந்தாள். இடுப்பில் ஒரு கட்டுப் புல். அதே புல், இளசாக. அவர்கள் வீட்டில் சினைமாடு ஒன்று மிச்சம் இருப்பது எனக்குத் தெரியும். அன்று காலில் புண் என்று கட்டிப் போட்டிருந்ததால் தப்பித்தது.

டாக்டரம்மா சொல்லவில்லையா என்று நீ கேட்பாய். கரைக்கு மேயவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொன்னார். அவர்கள் வீட்டில் மருந்துதான் என்று நம்பியவர்கள். மழை பெய்து மருந்து கழுவிப் போயிருக்கும் என்று அறுத்திருக்கிறாள்.

என் முன்னால் பத்தடி தூரத்தில் போகிறாள். இப்போது வாயைத் திறந்தால் நான் மாட்டிக்கொள்வேன். திறக்காவிட்டால் அந்தச் சினைமாடு போகும். போனால் உன் அண்ணன் ஜெயிலில் இருக்கும்போதே போன மாடு என்று அவர் மேல் இருக்கிற கேஸ்கூட உடைந்துவிடும். அப்படியும் ஒரு நொடி என் புத்தி போனது. உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது.

"பொன்னக்கா, அதப் போடாதீங்க. மருந்து இல்ல. புல்லே வெசம்" என்றேன்.

நின்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றாள். நான்தான் விதைத்தேன் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிந்தாமணி சொன்னது, மாடுகள் இறங்கியது, நான் எழுந்தது, உட்கார்ந்தது. கட்டைக் கீழே வைத்துவிட்டு அவளும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு நின்ன?" என்று கேட்டாள்.

"ஒரு ஒல கொதிக்கிற நேரம்."

எழுந்தாள். கட்டை எடுக்காமல் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது மணி பதினொன்று. கதவைத் தாழிடவில்லை. தாழிட்டு என்ன ஆகப்போகிறது. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் பேனா நின்றுவிடுகிறது. இதைத் தபாலில் போட்டுவிட்டால் போதும் என்று இருக்கிறது.

பொய்ப் பெயர் எதுவும் எழுதிவிடாதே ஜோதி.

உண்ணாமலை


கோயம்புத்தூர்
29.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. என்னுடையது உங்களுக்கு வந்திருக்கும். எரித்திருந்தால் நல்லது. எரிக்காவிட்டாலும் பரவாயில்லை.

காலை ஆறு மணிக்கே வாட்ச்மேனை எழுப்பிக் கூடத்தைத் திறந்தேன். பென்சிலில் எழுதியதை அழித்தேன். எவ்வளவு அழித்தாலும் தாளைச் சாய்த்துப் பார்த்தால் எழுத்தின் தடம் தெரிந்தது. சீட்டையே கிழித்துவிட்டுப் புதுச் சீட்டில் பேனாவால் எழுதினேன். சோர்கம் ஆல்மம். விதைக்கப்பட்ட தீவனப்புல், வாலிகண்டபுரம் அருகே ஓடைக்கரை. சேகரித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர். முப்பது மணியையும் உறைக்குள் போட்டேன்.

சார் வந்ததும் நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். ஐந்து நாள் வேறு பெயர் இருந்தது என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டு மணிகளைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு, இனிமேல் எந்தத் தாளும் நான் தனியாகச் சரிபார்த்து வரக் கூடாது என்று சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் குரல் இறக்கிப் பேசியது இதுதான் முதல் தடவை.

டாக்டர் கவியாவுக்கு அறிக்கையை அனுப்பிவிட்டேன். அவர் போனில் பேசினார். மாட்டின் வயிற்று இலையும் இதுவும் ஒன்று என்று எழுதிவிட்டாராம். தீவனமாகப் பலரும் விதைக்கிற புல், இளசில் விஷம் என்பது பல விவசாயிகளுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறாராம். உங்களைப் பற்றிக் கேட்டேன். இரண்டு நாளாக ஊர்ப் பக்கம் போகவில்லை என்றார்.

எழுதுங்கள். ஒரு வரியாவது எழுதுங்கள். இனித் தினமும் தபால்காரருக்காக வாசலில் நிற்பேன்.

ஜோதி


வாலிகண்டபுரம் அஞ்சல்
20.11.2024

ஜோதிக்கு,

தாமதமாகிவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போய்விட்டேன். இப்போது கொஞ்சம் தேவலை.

அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் முத்தமிழ்செல்வன் தனியாக வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. "வெத நீ போட்டதாம்ல. பொன்னம்மா சொன்னா. வெசம்னு தெரியாமப் போட்டதா அவ சொல்றா. ஸ்டேஷனுக்கு வந்து அதையே எழுதிக் குடு" என்றார். போனேன். எழுதிக் கொடுத்தேன். அவரும் மருந்து என்று கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதினார். டாக்டரம்மா அறிக்கையும் சேர்ந்தது. நவம்பர் எட்டாம் தேதி உன் அண்ணன் வந்துவிட்டார்.

ஆனால் ஒன்று, ஜோதி. நான் நின்று பார்த்ததை அவள் தன் புருஷனிடம் சொல்லவில்லை. விதைத்ததை மட்டும் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. இரக்கமா, இல்லை என்றைக்காவது எடுத்துக் கேட்க வைத்திருக்கிறாளா. இரண்டில் எது என்றாலும் எனக்குப் பயம் ஒரே அளவுதான். ஸ்டேஷனிலும் நான் அதை எழுதவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். எழுதவில்லை.

உன் அண்ணனிடம் மட்டும் முழுவதும் சொன்னேன். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் வாயால சொன்னத நீ செஞ்சுபுட்ட" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனவர் தினமும் போகிறார். ஒரு வெள்ளைத் தண்டு விடாமல் தோண்டி எடுத்துக் குவித்துக் கொளுத்துகிறோம். மழை விட்டால் இரண்டு நாளில் வேறு எங்காவது முளைக்கிறது. துண்டு கிடந்தாலும் போதுமாம், டாக்டரம்மா சொன்னார். சிந்தாமணிக்கும் சொல்லியனுப்பிவிட்டேன். அவளும் பயந்துபோய் அவள் காட்டில் தோண்டுகிறாள்.

அத்தை செத்தபோது நான் சொன்னதை நீ எழுதியிருந்தாய். அன்று எனக்கும் பயம்தான். படுக்கையில் கிடந்தவரைப் பதினோரு நாள் நானே தூக்கி நானே குளிப்பாட்டி, கடைசியில் என் கையில்தான் உயிர் போனது. ஏதாவது தப்பாகப் பார்த்துவிட்டேனோ, மகள் வந்து கேட்பாளோ என்று இருந்தது. நீ கேட்பதற்கு முன் நான் பேசிவிட்டேன்.

பொன்னம்மாள் என்னோடு பேசுவதில்லை. கோயிலில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் மழை பெய்த மறுநாள் காலையில் அவளும் கரைக்கு வருகிறாள். அவள் பக்கம் அவள் தேடுகிறாள், என் பக்கம் நான் தேடுகிறேன். நேற்று ஒரு முளையைப் பிடுங்கி, தண்ணீரில் அலசி, என் பக்கமாக நீட்டினாள்.

"இது அதுவா?"

வாங்கிப் பார்த்தேன். நரம்பு வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் தண்டு இல்லை, வெறும் வேர். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியலக்கா, கேட்டுச் சொல்றேன் என்றேன். அதுவரைக்கும் மாட்டை அவிழ்க்க வேண்டாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

முளையை ஈரக் காகிதத்தில் சுற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன். கதிர் இல்லை என்று சொல்லாதே. காகிதம் சிவக்கிறதா, இல்லையா, அதை மட்டும் பார்த்து உடனே எழுது. அவள் மாட்டைக் கட்டித்தான் வைத்திருக்கிறாள்.

உண்ணாமலை